மலையடியில் விட்ட பை

அந்தப் பை தோலில் செய்தது அல்ல. ரெக்சின். சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். "பார்க்கத் தோல் மாதிரியே இருக்கும், தோல் இல்லீங்க" என்று கடைக்காரரே சொல்லித்தான் கொடுத்தார். அதை அன்று காலை மலையடியில் நான் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சின்ன மலை இருக்கிறது. மலை என்பதே அதிகம், கரடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சுற்றியுள்ள மொட்டைக் கரடுகளைப் போல இல்லாமல், முக்கால் உயரம் வரை மரம் அடைத்து நிற்கும். உச்சியில் ஒரு பாறை, பாறையை ஒட்டிச் சின்னப் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது.

அடிவாரத்தில் ஒரு கல் விளக்குத்தூண். அதைத் தாண்டினால் காலில் செருப்பு கூடாது. செருப்பு மட்டுமல்ல, தோலால் ஆன எதுவும் கூடாது. பெல்ட், மணிபர்ஸ், கைக்கடிகாரத்தின் வார், எல்லாம் கீழேதான். கல்யாணமான புதிதில் என் கணவர் பெல்ட்டைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே மலையேறியதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த மலையில் நான் சிரித்த நினைவு இல்லை.

என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங். பனிக்காலம் வந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். நாமக்கல்லில் காட்டிய டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுப் பக்கத்தில் கோழிப்பண்ணை இருக்கா?" எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் இல்லை? இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதைச் செருகி, முகத்தில் வைத்து மூச்சிழுக்க ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய். நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். மருந்துச் சீட்டில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை தேடிப் படித்தேன். படித்ததால் பயம் குறைந்ததா, கூடியதா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

என் கணவர் போர்வெல் ரிக் லாரியில் வேலை செய்கிறார். தை பிறந்ததும் மத்தியப் பிரதேசம் பக்கம் போனால் வைகாசியில்தான் வருவார். அந்த மாதங்களில் வீட்டுக்குப் பெரியவர் என்றால் அவருடைய அக்காதான். அடுத்த தெருவில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது பத்து நாள் என் காலடியில் தரையில் படுத்துக் கிடந்தவர். ஆனால் அந்த இன்ஹேலரைக் கண்டால் மட்டும் அவர் முகம் மாறிவிடும்.

"இந்த வயசுலயே பம்பு வெச்சா, பெரிய புள்ளையானா என்ன பண்ணுவே அம்மிணி? அது பழக்கமாயிருமாம். பொண்ணு பாக்க வாரவங்க காதுல உழுந்தா அப்புறம் இழுப்புக்காரின்னே பேராயிரும்."

அதெல்லாம் இல்லை, அது தேவைப்படும் குழந்தைக்குத் தேவைப்படும் மருந்து என்று சொல்ல எனக்குத் தெரியும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது சோர்ந்துபோய், "நிறுத்திட்டோமுங்க நங்கை" என்று சொல்லிவிட்டேன். அது தை மாதம். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலாக, நங்கை வரும் சத்தம் கேட்டால் இன்ஹேலரைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளுவேன். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒன்றும் கேட்டதில்லை.

நான் நிறுத்திவிட்டேன் என்று நம்பித்தான் நங்கை வேண்டுதல் வைத்தார். பாப்பா தன் காலால் மலையேறி வந்து உப்பும் மிளகும் போடும், மூச்சைச் சரிபண்ணிக் கொடு சாமி என்று. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மருந்தை நிறுத்தினாலும் நன்றாக இருக்கிற பிள்ளை மலையேறுவதில் என்ன கஷ்டம்? என் பொய்யே எனக்கு எதிராக வாதாடியது. போகலாமுங்க என்றேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலைப் பனி இன்னும் விட்டிருக்கவில்லை. கிளம்பும்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே வழக்கமான பட்டியலைச் சொன்னேன். தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருக்காதே. பாறை மேல ஓடாதே. கண்ட இலையைத் தொடாதே. அத்தை முன்னாடி ரொம்ப இருமாதே. எல்லாவற்றுக்கும் அவள் "உம்" என்றாள். ஸ்பேசரையும் இன்ஹேலரையும் பைக்குள் ஒரு துண்டில் சுற்றி வைத்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன்.

ஸ்கூட்டியை விளக்குத்தூணுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். செருப்புகளைக் கழற்றினோம். நங்கை என் தோளைப் பார்த்தார்.

"பையி தோலாட்டமில்ல இருக்குது?"

நான் பையைப் பார்த்தேன். இல்லீங்க, ரெக்சின் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், "எங்கே காட்டு" என்று கையில் வாங்கிப் பார்ப்பார். தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. உள்ளே இருக்கும் குழாய் கைக்குத் தட்டுப்படும். அப்படியெல்லாம் அந்த நிமிடத்தில் கோர்வையாக யோசித்தேனா, இல்லை, பிறகு நானே கோத்துக்கொண்டதா? தெரியாது. ஸ்கூட்டியின் சீட்டைத் திறந்து பையை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

"போனை எடுத்துக்க அம்மிணி. உச்சியில பாப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பி கேட்டிருக்கறான். அந்த உறைய மட்டும் கழட்டிப்போடு, அதுவும் தோலாட்டந்தான் இருக்குது."

போனின் உறையைக் கழற்றி வைத்தேன். போன் மலைமேல் வந்தது. மருந்து வரவில்லை.

முதல் நூறு படிகள் பாறையில் வெட்டியவை. அதற்கு மேல் மரங்களுக்கு நடுவே மண் பாதை. நான் அந்த மலையைப் புரட்டாசியில்தான் பார்த்திருக்கிறேன், பச்சையாக. இப்போது அது வேறு மலை போல இருந்தது. உசில மரங்களும் வெப்பாலையும் பாதி இலையைக் கொட்டிவிட்டு நின்றன. பாதை தெரியாத அளவுக்குச் சருகு. பனியில் நனைந்த சருகு காலுக்குக் குளிர்ந்தது, அதன் அடியில் இருந்த முள் தெரியவில்லை. இலையே இல்லாத ஒரு முருக்கமரத்தில் மட்டும் செவ்வரளியை விடச் சிவப்பாகப் பூ.

மகள் அதன் கீழே நின்றாள். "அம்மா, எங்க புக்ல பூ பூக்கற படம் ஒரு பக்கம், எல விழுவற படம் வேற பக்கம். இங்க ரெண்டும் ஒண்ணாவே இருக்குது?"

"அது வேற ஊர் புக்கு கண்ணு."

"அப்ப நம்மூரு புக்கு எங்க?"

நங்கை சிரித்தார். "உங்கம்மாவத்தான் கேக்கோணும், அத்தனை படிச்சிருக்கறாளே."

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று ஆடு மேய்ப்பவர்கள் சருகுக்குத் தீ வைத்திருக்க வேண்டும். தீ அணைந்திருந்தது. ஆனால் ஓர் அடிமரம் மட்டும் உள்ளுக்குள் கனன்று புகைந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் எழுந்தது. நான் மகளின் மூக்கைத் துப்பட்டாவால் மூடி வேகமாகக் கூட்டிப்போனேன். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போது எழுதுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. நடந்தது, மேலே நடந்தோம்.

அதற்குப் பிறகு மகள் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கும் பிள்ளை. உப்பு மிளகுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, தரையைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக வைத்தாள். நான் முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு தாய் பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

"பாத்தியா அம்மிணி, எப்படிக் கம்முனு ஏறுது பாரு. மூச்சு கூட வாங்கலை. பெருமாளு இப்பவே கேட்டுட்டாரு" என்றார் நங்கை.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. டாக்டர், மருந்து, டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தது எல்லாமே தேவையில்லாத பயமோ என்று பத்து நிமிடம் நம்பினேன்.

மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் மகள் உட்கார்ந்தாள். கோயிலின் வெள்ளைச் சுவர் மேலே தெரிந்தது. "வெசையா வா சாமி, வந்தாச்சு" என்று நங்கை கையை நீட்டினார். அப்போதுதான் இருமல் வெடித்தது. அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக. அது நின்றபோது பூனைக்குட்டிச் சத்தம் கூடக் கேட்கவில்லை. விசிலைப் போல மெல்லியதாக ஏதோ ஒன்று. தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. குழி விழுந்தால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் தன் வயிற்றிலேயே விரலால் காட்டிச் சொல்லியிருந்தார்.

"என்ன அம்மிணி இது? என்ன இது?" நங்கையின் குரல் உடைந்தது. "பம்பு நிறுத்தாம இருந்திருந்தா..."

"நிறுத்தலீங்க நங்கை. கீழ பையில இருக்குது."

என்னை ஒரு முறை பார்த்தார். ஒரு வினாடி கூட இருக்காது. அந்தப் பார்வையை நான் இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.

"சாவியக் குடு."

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். ஐம்பதைத் தாண்டியவர், வலது முழங்காலுக்குத் தைலம் தடவாமல் தூங்காதவர். "பாத்துப் போங்க" என்று நான் சொன்னதைக் கேட்க அவர் அங்கே இல்லை. சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கீழே கீழே போய் ஓய்ந்தது.

நான் போயிருக்க வேண்டுமா? எனக்கு வயது குறைவு, வேகமாக இறங்கியிருப்பேன். ஆனால் மகளை விட்டுவிட்டா? அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாமா? நனைந்த சருகில் வழுக்கினால்? அவளை மடியில் சற்று முன்னால் சாய்த்து உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டு இந்தக் கேள்விகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போனில் நேரம் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். நாற்பத்து நாலு வரை எண்ணினேன், நிமிடம் முடியவில்லை, எண்ணிக்கை தவறிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்த மலை, எந்தப் பக்கம், வண்டி எதுவரை வரும் என்று கேட்டார்கள். வேப்பமரம் வரை வரும் என்றேன். மலையில் இருக்கும் குழந்தைக்கு வேப்பமரத்தால் என்ன பயன்?

என்னவோ நினைத்து என் கணவருக்கும் போட்டேன். எடுத்தார். பின்னால் கம்ப்ரசரின் இரைச்சல்.

"கேக்கலை! கேக்கலை! போட்டோ அனுப்பு, அப்பறம் பாக்கறேன்!"

"சரிங்க" என்றேன். வைத்துவிட்டேன்.

கீழே பனி கலைந்து சமவெளி தெரிய ஆரம்பித்தது. கோழிப்பண்ணைகளின் நீளநீளமான கூரைகள், வரிசையாக நிறுத்திய ரிக் லாரிகள், ஒரு ஜவ்வரிசி ஆலையின் காயப்போட்ட வெள்ளைக் களம். எல்லாம் காலை வேலையைத் தொடங்கியிருந்தன. மகள் பேசப் பார்த்தாள். பாதி வார்த்தைக்கு மூச்சு போதவில்லை. "பேசாதே சாமி" என்றேன். என் வாயிலிருந்து அன்று அவளுக்கு வந்ததெல்லாம் இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்பதுதான்.

சருகுச் சத்தம் மறுபடி கேட்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நங்கை வந்தபோது வாயால் மூச்சு வாங்கினார். பை அவர் தோளில் மாட்டியிருந்தது.

"உள்ள எது... எதுன்னு எனக்கென்ன தெரியும்... பையோடயே கொண்டாந்துட்டேன்."

குலுக்கினேன். செருகினேன். முகத்தில் வைத்து அழுத்தினேன். பத்து மூச்சு. மறுபடி குலுக்கினேன். நான்கு முறை. காத்திருந்து இன்னும் நான்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. விசில் தடித்து, பூனைக்குட்டியாகித் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நிம்மதியடைந்தது அதுதான் முதல் தடவை.

நங்கை எதிரே உட்கார்ந்து ஒரு பாதத்தை மடிமேல் திருப்பிப் போட்டு முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். குதிகாலில் ரத்தமும் சாம்பலும் கலந்திருந்தது.

எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. "அது தோல் இல்லீங்க நங்கை. ரெக்சின்."

அவர் நிமிரவில்லை. "அத இப்ப ஏன் அம்மிணி சொல்றே" என்றார். முள்ளைச் சுண்டி எறிந்துவிட்டு, "தோலா இருந்தாத்தான் என்ன" என்றார்.

கோயிலுக்குப் போகவில்லை. அவர் அங்கிருந்தே வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டார். மகளை நான் தூக்கிக்கொண்டேன். சருகில் உட்கார்ந்து உட்கார்ந்து, கால் வழுக்காமல் இறங்கினோம். உப்புப் பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது, வியர்வையில் நனைந்து கரையத் தொடங்கியிருந்தது.

வேப்பமரத்தடியில் ஆம்புலன்ஸ் நின்றது. அதிலேயே நாமக்கல் போனோம். ஆஸ்பத்திரியில் மகளுக்கு நெபுலைசர் மாஸ்க்கை வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் கேட்டார். "எப்ப ஆரம்பிச்சது?"

"மேல, பாறைகிட்ட வந்ததும் டாக்டர். அதுவரைக்கும் நல்லாத்தான் ஏறினா."

மகள் மாஸ்க்கைச் சற்று விலக்கினாள். "இல்ல. புகை வந்துதுல்ல, அங்கயே."

"அங்கயேவா? அப்பவே ஏம்மா சொல்லலை?" என்று டாக்டர் அவளிடமே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோள் சொல்கிற முகமே இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளையின் முகம்.

"அத்தை முன்னாடி இருமக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டே ஏறுனேன்."

நங்கை காலில் கட்டுடன் கதவோரம் நின்றிருந்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நங்கை கேட்டார். "என்னையக் கண்டா அத்தனை பயமா அம்மிணி உனக்கு?"

அவர் காலில் தளர்ந்திருந்த கட்டைக் குனிந்து இறுக்கினேன். அதற்குப் பிறகு அவர் இன்ஹேலரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கொஞ்சம் சத்தமாகத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறார், நான் எதையாவது ஒளிக்க வேண்டியிருந்தால் ஒளித்துக்கொள்ளட்டும் என்பது போல. நான் எதையும் ஒளிப்பதில்லை. இன்ஹேலர் இப்போது ஃபிரிட்ஜின் மேல், எல்லோர் கண்ணுக்கும் படும்படி இருக்கிறது. பக்கத்தில் அந்த உப்புப் பொட்டலம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, மலைக்குக் கொண்டுபோகவும் கால் வரவில்லை.

பங்குனி பிறந்துவிட்டது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். பழுப்பாக இருந்த இடங்களில் இளம்பச்சை திட்டுத்திட்டாக ஏறுகிறது. மகள் நன்றாக இருக்கிறாள் என்றுதான் டாக்டர் சொல்கிறார். காலையும் மாலையும் மருந்து தவறுவதில்லை.

நேற்று மாலை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். உதட்டை இறுக்கி மூடியபடி அடுப்படிக்கு வந்து என் துப்பட்டாவை இழுத்தாள். என்ன என்று குனிந்தேன்.

"அம்மா, இருமிக்கட்டுமா?"

இருமு சாமி, கேட்கவே வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.